பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

அக்கா பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கு லேட்டாக வந்தால் டயர் மேல் பழி போடுவாள். யாராவது வீட்டிலிருந்து கேக் செய்து கொண்டுவந்தால் "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணால் குப்பைக்கூடையைத் தேடுவாள். ஆனால் இந்த விஷயத்தை அவள் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கதை கட்டுகிறவர்கள், எதிராளி நம்புகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதனால் இது நடந்தது. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

நாங்கள் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில். ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் எங்கள் காதில்தான் வந்து விழும். காதில் ஹெட்போனை மாட்டினால் அக்காவின் குரலே மாறிவிடும். "பதறாதீங்க. நான் இருக்கேன். மூச்சு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." அந்தக் குரலைக் கேட்டால் கையைக் காலை உதறுகிறவர்கள்கூட ஒரு நிலைக்கு வருவார்கள். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளைவிட ஆறு வயது மூத்த எங்கள் மேலதிகாரிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுப்பாள். எப்போதும் அதே தேதி. ஏன் என்று கேட்டால், "வீட்ல வேலை கிடக்கு" என்பாள்.

வேலை எதுவும் கிடையாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அந்தத் தேதியில்தான் அவளுக்குப் பிரசவம் ஆனது. ரத்தம் நிற்கவில்லை. பிழைப்பதே கஷ்டம் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எத்தனையோ நாள் கழித்து அவள் கண் திறந்தபோது புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது.

"பையன். பொறக்கும்போதே மூச்சு இல்ல" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த நாளைப் பற்றி வீட்டில் பேச்சும் இல்லை. புருஷன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஜன்னல் கண்ணாடி அறுத்துப் பொருத்துவார். நல்ல மனுஷர். ஆனால் அந்தத் தேதி வந்தால் மட்டும் விடியும் முன்பே கடைக்குப் போய்விடுவார். ஊர் அடங்கிய பிறகுதான் வருவார். அக்கா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக் கிடப்பாள்.

போன வருஷம் அவளால் அப்படிப் படுத்துக் கிடக்க முடியவில்லை. அதற்குச் சில நாள் முன்பு ஒரு அழைப்பு வந்தது. ஓடுகிற காரிலேயே மனைவிக்குப் பிரசவம் ஆகிவிட்ட ஒரு பையன். அக்காதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். துணியால் துடைங்க, முதுகைத் தேய்ங்க, விடாம தேய்ங்க... கடைசியில் போனிலேயே குழந்தை வீறிட்டு அழுதது. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்தத் தேதி வந்தபோது கார் சாவியை எடுத்துக்கொண்டாள். புருஷன் அப்போதுதான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம். எங்க போறேன்னு எனக்கே தெரியல."

"கடலோரமாவே போ. வழி தவறாது" என்றார்.

கடல் இடது பக்கம். வானம் இன்னும் சாம்பல் நிறம். ஜன்னலை இறக்கினால் உப்புக் காற்று. இத்தனை வருஷத்தில் அந்த நாளில் வெளிச்சத்தைப் பார்ப்பது அதுவே முதல் தடவை என்று அக்காவுக்குத் தோன்றியது.

முதல் ஊரில் ஒரு பேக்கரி அப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. ரொட்டி வாங்கக் காரை வாசலிலேயே நிறுத்தினாள். கடைக்காரப் பெண் பொட்டலத்தைக் கார் வரைக்கும் எடுத்து வந்தவள், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவ்ளோ சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு தனியாவா கிளம்பினீங்க?"

"குழந்தையா?"

"ஷ்ஷ்... தூங்கட்டும். கதவ மெதுவா சாத்துங்க."

அடுத்த ஆள் கூப்பிட, அவள் உள்ளே போய்விட்டாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் அவளுடைய மஞ்சள் சால்வை சுருண்டு கிடந்தது. நடுவில் கொஞ்சம் உப்பலாக. தூரத்திலிருந்து பார்த்தால் துணியில் சுற்றிய குழந்தை மாதிரிதான் இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சால்வையை உதறி மடித்துப் பின் சீட்டில் போட்டாள்.

உதறும்போது அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு இன்னும் வெயிலே வரவில்லை.

அதற்கு அப்புறம் ஒரு முகத்துவாரம். பாலம் கிடையாது. காரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டைப் படகுதான். படகுக்காரர் வாட்டசாட்டமான ஆள். வண்டி வண்டியாகப் போய், ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். அக்காவின் கார் பானெட் மேல் இரண்டு வைத்தார். ஒன்று பெரியது. இன்னொன்று, பொம்மைக்குப் போடுகிற அளவு.

"ஒண்ணு போதுங்க."

"அப்ப பாப்பாவுக்கு?"

"எந்தப் பாப்பா?"

அவர் சிரித்தார். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் தனக்கு அத்துப்படி என்பது போல ஒரு சிரிப்பு.

"ஓ, சீட்டுக்குக் கீழ ஒளிஞ்சிருக்காளா? ஏய் வாலு! நான் பாத்துட்டேன். வெளிய வா!"

குனிந்து, விரல் முட்டியால் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

டக். டக்.

அக்கா அவருக்குப் பின்னால், காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். காருக்குள் யாரும் இல்லை.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக்... டக்.

மெல்லிய சத்தம். சின்ன முட்டி.

படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த காருக்குப் போய்விட்டார். அக்கா அக்கரை வரும்வரை காருக்குள் ஏறவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் கதவைத் திறந்தாள். சீட்டுக்குக் கீழே பார்த்தாள். பின்னால் பார்த்தாள். டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், ரொம்பக் கீழே, உள்பக்கமாக ஒரு சின்ன வட்டம். யாரோ வாயை வைத்து ஊதியது போல மங்கலாக. அவள் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து அது சுருங்கிக்கொண்டே வந்து மறைந்துபோனது.

அக்காவின் மனசு ஒரு இடத்துக்குப் போனது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது. இல்லை. ஒளிஞ்சிருக்காளா என்றாரே. அவளுடையது பையன்.

ஜனங்கள் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. அடுத்த ஊரில் கடலுக்குள் நீளமாக ஒரு அலைதடுப்புச் சுவர். அதன் மேல் தூண்டில் போடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள். சுவர் தொடங்கும் ரோட்டோரத்தில் குடையை விரித்து ஐஸ்கிரீம் வண்டி. அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றாள். ஐஸ்கிரீம்காரர் வயசானவர். அக்காவைப் பார்க்காமல், அவள் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து பேசினார்.

"சொல்லு கண்ணு, உனக்கு எது வேணும்?"

அக்காவின் உடம்பு சில்லிட்டது. ஆனால் அவள் கத்தவில்லை. வேலையில் பேசுகிற குரல் தானாக வந்தது.

"அவ என்ன டிரஸ் போட்டிருக்கா?"

ஐஸ்கிரீம்காரர் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். "என்னம்மா கேள்வி இது? வெள்ளை கவுன்."

"வயசு?"

"ஏழு எட்டு இருக்கும். முன்பல்லு ரெண்டும் காணோம், ஆனா சிரிப்புக்குக் குறைச்சல் இல்ல." பிறகு கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னார். "தலை ஈரமா இருக்கு பாருங்க. துவட்டி விடக் கூடாதா? சளி பிடிச்சுக்கும்."

அக்கா குனிந்து பார்த்தாள். சிமென்ட் தரை. அவளுடைய நிழல். அதன் பக்கத்தில் நிழல் எதுவும் இல்லை.

ஏன் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினாள். ஒன்றைத் தன் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். யாரும் வாங்கவில்லை. அது உருகி விரல் இடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. தூக்கி எறிய மனசு வரவில்லை. கடைசியில் கூம்பு மட்டும் கையில் நின்றபோது கடலில் போட்டாள். காகங்கள் வந்து விழுந்தன.

காரை எடுத்தாள். ஊர் எல்லை தாண்டவில்லை...

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் கத்தியது. சீட்டில் கைப்பை இருந்தது. அதன் கனமாக இருக்கும். எடுத்துப் பின்னால் எறிந்தாள்.

டிங்... டிங்... டிங்...

வண்டியை ஓரங்கட்டினாள். காலி சீட்டை வெறித்துப் பார்த்தாள். மெத்தை நடுவில் ஒரு குழி. லேசான குழி.

கையை நீட்டினாள். குழிக்கு மேலே ஒரு ஜாண் தள்ளியே கை நின்றுவிட்டது. பிறகு பெல்ட்டை இழுத்து, யாருடைய மேலும் இடிக்காதபடி நிதானமாகக் கொண்டுவந்து மாட்டினாள்.

கிளிக்.

சத்தம் நின்றது.

"அக்கா, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று நான் இந்த இடத்தில் கேட்டேன்.

"பயந்தான். ஆனா இறங்கி ஓடணும்னு தோணல. நான் இறங்கிட்டா அது தனியா உக்காந்திருக்குமேன்னு இருந்துச்சு."

மதியம், படகு கட்டும் கொட்டகைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினாள். பசி இல்லை. ஆனால் அடுத்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும். ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் மேஜையாகவே பார்த்து உட்கார்ந்தாள். சர்வர் வந்தான். தண்ணீர் டம்ளர் இரண்டு வைத்தான். அக்கா சூப் மட்டும் சொன்னாள்.

"அவங்களுக்கு?"

அவங்க என்றான். மரியாதையாக.

காலையில் ஒருத்தி குழந்தை என்றாள். ஒருவர் வாலு என்றார். கண்ணு என்றார் இன்னொருவர். இப்போது இவன், அவங்க என்கிறான். அக்கா இரண்டாவது டம்ளரை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அவங்களுக்கு என்ன வயசிருக்கும்னு நினைக்கிறீங்க?"

சர்வர் சங்கடமாகச் சிரித்தான். "இருபது... இருபத்திரண்டு? உங்க நெத்தி, உங்க மூக்கு அப்படியே. பொண்ணுதானே?"

அவன் போகாமல் நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ஏதாவது கோபமா? அவங்க பாவம், வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை பதில் பேசலையே."

அக்கா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலி. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பாதி கட்டிய படகு. சுத்தியல் சத்தம். வேறு எந்தச் சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எத்தனையோ பேர் இரைச்சலில், தேம்பலில், அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் பிடித்த காது. ஒன்றும் விழவில்லை.

"என்ன பேசறாங்க?"

"மத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்கறது மரியாதை இல்ல மேடம்."

"தம்பி... எனக்குக் காது சரியா கேக்காது. தயவுசெஞ்சு சொல்லுங்க."

அவன் எதிர் நாற்காலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவன் முகமும் இறங்கிவிட்டது.

"காலையிலேருந்து கூப்பிடறேன், திரும்பியே பாக்க மாட்டேங்கறேன்னு சொல்றாங்க. அம்மா, அம்மான்னு..."

அக்கா சூப்பைத் தொடவில்லை.

அப்புறம் காரில் உட்கார்ந்து அவள் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். இது யார், எங்கிருந்து வந்தது என்பதை எல்லாம் விட்டுவிட்டாள். பையனாவது, பெண்ணாவது. ஊருக்கு ஊர் வளர்கிறாள். இப்படியே முன்னால் போனால்...? அப்படியானால் திரும்பிப் போக வேண்டும். பல் விழுந்த சிரிப்பு இருந்த இடத்துக்கு. முடிந்தால் வாலு இருந்த இடத்துக்கு. முடிந்தால் மஞ்சள் சால்வை வரைக்கும்.

காரைத் திருப்பினாள்.

எதற்கும் நிதானம் தவறாதவள் அன்றைக்குக் கண்மண் தெரியாமல் ஓட்டினாள். பாதி வழியில் ரோட்டு வேலை. சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் மறித்தான். ஒரு பக்கம்தான் விடுவார்களாம். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. தார் வாசனை. கடல் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அக்கா ஹாரனை அழுத்தினாள்.

கொடிக்காரன் ஜன்னலுக்கு வந்தான். "என்னம்மா அவசரம்?"

"நேரம் போகுதுப்பா."

"எல்லாருக்கும்தான் போகுது." குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்களா? நடக்கட்டும், நடக்கட்டும்."

அக்கா தங்கச்சி.

இதற்குள் அந்தப் பெண் அக்காவின் வயசைத் தொட்டுவிட்டாள்.

"நல்லா பாருப்பா. சின்னவளா தெரியலையா?"

அவனுக்குப் புரியவில்லை. "யாரு சின்னவங்க? அவங்களுக்குத்தானே முடி நிறைய நரைச்சிருக்கு" என்றான். கொடியை இறக்கினான்.

அலைதடுப்புச் சுவருக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. சூரியன் கடலுக்கு மேல் ஒரு பனை உயரத்தில் நின்றது. ஐஸ்கிரீம்காரர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அக்கா காரை அவர் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி ஓடினாள்.

"காலையில வந்தீங்களேம்மா" என்றார் அவர். "அந்தச் சுட்டிப் பொண்ண எங்க காணோம்?"

"கார்ல பாருங்க. இருக்காளா பாருங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கார்ல ஒரு பெரியம்மாதான் இருக்காங்க. உங்க அம்மாவா?"

அக்கா கார் பக்கம் திரும்பினாள்.

"ரொம்பத் தள்ளாத வயசும்மா. இவங்களை எதுக்கு இவ்ளோ தூரம் இழுத்தடிக்கிறீங்க? எப்படி மூச்சு வாங்குது பாருங்க..."

அவள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காற்றுச் சத்தம் நின்றது. அலைச் சத்தம் தூரமானது.

"எனக்குக் கேக்கல கண்ணு" என்றாள். "நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா திரும்பாம இருப்பேனா?"

சூரியன் தண்ணீரைத் தொட்டது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஏழாம் மாசத்தில் தைத்து வைத்த கவுன்களைப் பற்றி. பெண்தான் பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததைப் பற்றி. அப்பா கண்ணாடி அறுக்கும்போது நாக்கைத் துருத்திக்கொள்வதைப் பற்றி. ஒரு மகளிடம் ஒரு ஆயுள் முழுக்கச் சொல்ல வேண்டியதை எங்கிருந்து ஆரம்பிப்பது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள்.

பாதி சூரியன்.

அப்போது கேட்டது.

மூச்சு.

பக்கத்து சீட்டிலிருந்து. இழுத்து... நின்று... விட்டு.

அந்தச் சத்தம் அக்காவுக்குத் தெரியும். போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும்.

இழுத்து...

நின்று...

"நான் இங்கதான் இருக்கேன். பதறாத. பக்கத்துலயே இருக்கேன்."

விட்டு.

பிறகு ஒரு குரல். முதல் தடவையாக. வறண்டு உடைந்த, ரொம்ப வயசான ஒரு பெண்ணின் குரல்.

"அம்மா" என்றது.

சுவர் நெடுக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒன்று... அடுத்தது... அடுத்தது...

அக்கா காத்திருந்தாள்.

அடுத்த மூச்சு வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, பக்கத்து பெல்ட்டைக் கழற்றினாள். சாவியைத் திருப்பினாள். கார் கத்தவில்லை. சீட்டு மெத்தை சமமாக இருந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. புருஷன் அன்றைக்கு என்னவோ சீக்கிரமே வந்திருந்தார். சாப்பிடாமல் அவளுக்காகக் காத்திருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் போய் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரே ஒரு வரிதான் சொன்னாள்.

"இன்னைக்கு என் கூட கார்ல ஒரு பொண்ணு இருந்தா."

அவர் முகம் வெளிறிவிட்டது.

"பொண்ணா?" என்றார். "பொண்ணுன்னு... உனக்கு யார் சொன்னது?"

அடுக்களையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க... யார் சொன்னதுன்னா என்ன அர்த்தம்?"

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணாடி கீறிய தழும்புகள் நிறைந்த கைகள். அந்தக் கைகளுக்குள்ளிருந்தே பேசினார்.

"பொண்ணுதான். நீ பொண்ணு பொண்ணுன்னு ஆசையா இருந்தே. பையன்னு சொன்னா கொஞ்சம் கம்மியா வலிக்கும்னு... எனக்கு அவ்வளவுதான் புத்தி."

"பொறக்கும்போதே மூச்சு இல்லைன்னீங்க."

அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அக்கா அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என்னிடம் சொன்னாள். கையைத் தூக்கவே முடியவில்லையாம்.

"விடியும்போது பொறந்தா. பிழைக்க மாட்டான்னு அப்பவே சொல்லிட்டாங்க. உனக்கும் நினைவு இல்ல. நீயும் போயிடுவியோன்னு... அம்மா பக்கத்துலயாவது இருக்கட்டும்னு நர்ஸ்தான் கொண்டுவந்து உன் பக்கத்துல படுக்க வெச்சா. நாள் பூரா உன் பக்கத்துலதான் கிடந்தா. கத்திக்கிட்டே இருந்தா. நீ கண்ணே திறக்கல. விளக்கு போடற நேரத்துல அடங்கிப் போயிட்டா." அவர் தோள்கள் குலுங்கின. "ஒரு நாள் முழுக்க அவ உன்னைக் கூப்பிட்டான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? இல்லவே இல்லைன்னு சொல்றது எனக்குச் சுலபமா இருந்துச்சு."

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எப்படி இருந்தா?"

தாயாகக் கேட்டாள். வேறு எதுவும் அவள் மனசில் இல்லை. சாப்பாட்டுக் கடையைப் பற்றி அவள் இன்னும் சொல்லவில்லை. கொடிக்காரனைப் பற்றிச் சொல்லவில்லை. அலைதடுப்புச் சுவர் பக்கம் திரும்பிப் போனதையும் சொல்லவில்லை.

அவர் கையை எடுத்தார். கண்கள் எங்கோ பார்த்தன.

"காலையில பூ மாதிரிதான் இருந்தா. அப்படியே உன் மூக்கு. நேரம் போகப் போகத்தான்... எனக்குச் சொல்லத் தெரியல. ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் வேற மாதிரி ஆயிட்டே வந்தா. சாயங்காலம் முகமெல்லாம் சுருங்கி, கன்னம் ஒட்டி... ஒரு நாள்ல கிழவி ஆயிட்டா. சின்னக் கிழவி. துணியால மூடறப்ப நர்ஸே பயந்து போய்க் கைய எடுத்துட்டா."

அன்று அவர்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தாராம். இத்தனை வருஷமாகப் பேசாததை எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

ஆனால் "உங்க அம்மாவா?" என்று ஐஸ்கிரீம்காரர் அவளிடம் கேட்டதை மட்டும் அவள் புருஷனிடம் இன்றுவரை சொல்லவில்லை.